குன்றின்மேல் முடியப்பர் கோயில்

பாரிஸ் நகரின் நடுவே ஓடும் சேன் நதியின் தென்கரையில் சிறு குன்று ஒன்று உண்டு. புனித ஜெனவியேவ் குன்று என்பது அதன் பெயர். ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அக்குன்றின் சரிவிலேதான் வளர்ந்தது. பல நாடுகளிலிருந்து வந்து கூடிய மாணவர்கள் அக்காலத்தில் ஒருவரோடொருவர் இலத்தீன் மொழியில் உரையாடினர். ஆதலின் அப்பகுதி இன்றும் இலத்தீன் வட்டாரம் என்றே வழங்குகிறது. குன்றின் உச்சியில் பாந்தியோன் என்னும் பெருமாளிகை நிற்கிறது. அங்கு வருவோர் பெரும்பாலும் அதன் குவிமாடத்தை அண்ணாந்து நோக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். அதன் பின்புறத்தே, தெரு திரும்பும் இடத்தில் நிற்கும் பழைய கோயில் ஒன்றைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

அக்கோயிலின் பெயர் சேந்த் எத்தியேன் து மோன். எத்தியேன் என்பது பிரெஞ்சு மொழியில் ஸ்தேவான் என்னும் பெயரின் வடிவம். கிறிஸ்துவின் பொருட்டுக் கல்லெறியுண்டு உயிர்நீத்த முதல் வேதசாட்சி அவர். ஸ்தேவான் என்பதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு முடி என்பது பொருள். அதனாலன்றோ தமிழ்க் கத்தோலிக்கர் அவரை முடியப்பர் என்று அழகுற அழைத்தனர்! எனவே, 'குன்றின்மேல் முடியப்பர் கோயில்' என்று இதனை நாம் தமிழில் கூறலாம்.

முதன்முறை அக்கோயிலின் முன் நின்றபோது எனக்கு உண்டானது வியப்பன்று, குழப்பமே. முகப்பின் அடித்தளத்தில், பழைய ரோமானியக் கோயிலின் வாயிலைப் போலத் தூண்களும், அவற்றின்மேல் ஒரு முக்கோண முகடும் இருந்தன. அதற்கு மேலே வில்லைப்போல் வளைந்த மற்றொரு முகடும், வட்டமான பெருஞ்சாளரமும் இருந்தன. அதற்கும் மேலே, பழங்காலத்து வீட்டுக்கூரையைப் போலச் செங்குத்தாக உயர்ந்த மூன்றாவது முகடு ஒன்று. ஒரு பக்கத்தில் மட்டும் ஒல்லியான மணிக்கூண்டு ஒன்று உயர்ந்து நின்றது. கட்டடக்கலை பற்றிய நூல்கள் சிலவற்றைப் படித்துவிட்டுச் சென்ற எனக்கு, ஒரு கட்டடம் என்றால் ஒரே பாணியில் அமைதல் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 'இதைக் கட்டியவர்கள் மனந்தேறாமல் கட்டினார்களோ?' என்று எண்ணினேன். அந்த எண்ணம் தவறு என்பதை அக்கோயிலே எனக்குக் கற்பித்தது. அது கற்பித்த பாடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பிரான்சு நாட்டின் பழைய கோயில்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். மேற்றிராணியாரின் இருக்கையாக விளங்குவது பேராலயம். துறவியர் தமக்கென எழுப்பிக்கொண்டது மடத்துக் கோயில். இவ்விரண்டின் பின்னேயும் பெருஞ்செல்வமும், பல வேளைகளில் அரசரின் ஆதரவும் இருந்தன. மூன்றாவது வகை பங்குக் கோயில். சில தெருக்களில் வாழும் மக்கள் சேர்ந்தது ஒரு பங்கு. குழந்தைக்கு ஞானஸ்நானம், இளைஞர்க்குத் திருமணம், இறந்தோர்க்கு அடக்கம் ஆகிய மூன்றும் அம்மக்களுக்கு அங்கேதான் நடைபெறும். அக்கோயிலின் வரவுசெலவைக் கவனித்தவர்கள் பங்கு மக்களுள்ளே தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள். காசு வரும்போது சுவர் எழும். வராதபோது வேலை நிற்கும். ஆகவே ஒரு பங்குக் கோயிலை ஒரே மனிதரின் கனவு என்று சொல்ல முடியாது. பாட்டன் போட்ட அடித்தளத்தின்மேல் பேரன் கூரை வேய்ந்த கதை அது.

முடியப்பர் கோயிலின் கதை ஒரு மடத்தின் நிழலில் தொடங்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டில், 451 ஆம் ஆண்டில், அத்திலா என்னும் ஹூண மன்னன் படையுடன் வருகின்றான் என்ற செய்தி கேட்டுப் பாரிஸ் மக்கள் நகரை விட்டு ஓட முனைந்தனர். ஜெனவியேவ் என்னும் கன்னிகை அவர்களைத் தடுத்து ஊக்கமூட்டினார் என்பது வரலாறு. அத்திலா அந்நகரைத் தாக்காமலே சென்றான். ஜெனவியேவ் மறைந்தபின் அவரது உடல் இக்குன்றின்மேல் அடக்கம் செய்யப்பட்டது. பிராங்கு மக்களின் மன்னனாகிய குளோவிசும் 511 இல் இறந்து இங்கேயே அடக்கமானான். அவன் தொடங்கிய கோயில் பிற்காலத்தில் புனித ஜெனவியேவ் மடம் என்று புகழ்பெற்றது.

மடத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்குத் தொடக்கத்தில் தனிக்கோயில் இல்லை. மடத்துக் கோயிலின் நிலவறையே அவர்களுடைய வழிபாட்டிடமாயிற்று. கல்லூரிகள் பெருகின, மக்கள் தொகையும் பெருகியது. 1222 இல், மூன்றாம் ஒனோரியுஸ் பாப்பரசரின் அனுமதியுடன் அவர்களுக்கெனத் தனிக்கோயில் ஒன்று மடத்தின் சுவரை ஒட்டி எழுந்தது. ஆயினும் அதற்குத் தெருவை நோக்கிய வாசல் இல்லை! மக்கள் மடத்துக் கோயிலுக்குள் நுழைந்து, பக்கச் சுவரில் திறந்த வாயில் வழியாகவே தங்கள் கோயிலுக்குச் செல்ல வேண்டும். தாய்வீட்டு அடுக்களை வழியாகத் தன் வீட்டுக்குள் புகும் மகளின் நிலைதான் அப்பங்கின் நிலை.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கோயிலும் இடம் போதாததாயிற்று. புதுக்கோயில் எழுப்பும் வேலை 1490களில் தொடங்கியது. முதலில் எழுந்தது பீடமுற்றம். அதாவது, பலிபீடம் நிற்பதும் குருக்கள் அமர்ந்து பாடுவதுமான கீழ்க்கோடிப் பகுதி. அது முற்றுப்பெறவே பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதி ஆகிவிட்டது. மக்கள் நிற்கும் நடுக்கூடம் முடிய அந்நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சு முழுவதும் மதப்போர்களால் அலைக்கழிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். முகப்பின் முதற்கல்லை நாட்டியவர் நான்காம் ஆன்றி மன்னரின் முதல் மனைவியாராகிய மார்கரீத் து வலுவா, ஆண்டு 1610. கோயில் அபிஷேகம் செய்யப்பெற்றது 1626 இல். தொடங்கியது முதல் முடிவு வரை எண்ணிப் பார்த்தால் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

இந்த நூற்றுமுப்பது ஆண்டுகளில் பிரெஞ்சு நாட்டின் கலையுள்ளமே மாறிவிட்டது. வேலை தொடங்கியபோது கோதிக் பாணி ஆட்சியில் இருந்தது. அப்பாணியின் உயிர் கூர்வளைவு. அரைவட்ட வளைவு தன்மேல் உள்ள பாரத்தைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். அதைத் தாங்கப் பருத்த சுவர் வேண்டும். கூர்வளைவோ பாரத்தைக் கீழ்நோக்கிச் செலுத்தும் இயல்பு மிகுந்தது. கூரையின் அடியில் விலா எலும்புகளைப் போல ஓடும் கல்வரிகள் அப்பாரத்தைத் தூண்களிடம் கொண்டு சேர்க்கும். சுவருக்குச் சுமை குறையவே, அதைத் திறந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைக்கலாம். வேலை முடியும் தறுவாயிலோ, இத்தாலியிலிருந்து வந்த மறுமலர்ச்சிக் கலை எங்கும் பரவிவிட்டது. பழைய கிரேக்க, ரோமானியத் தூண்களும் முகடுகளும் அரைவட்ட வளைவுகளுமே அழகு என்று மக்கள் கருதத் தொடங்கினர்.

கோயிலினுள் நுழைந்து மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால், காலத்தில் பின்னோக்கி நடக்கிறோம். முகப்பு பதினேழாம் நூற்றாண்டு. நடுக்கூடத்தின் வளைவுகள் பதினாறாம் நூற்றாண்டு. பீடமுற்றத்தின் கூர்வளைவுகள் கோதிக் காலத்தின் கடைசி மூச்சு. உருண்டு திரண்ட உயரமான தூண்கள் இருபுறமும் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் இடைநடுவே, தூணுக்குத் தூண் பாலமிட்டதுபோலக் கைப்பிடிச் சுவருடன் கூடிய ஒடுங்கிய நடைபாதை ஒன்று ஓடுகிறது. பீடமுற்றத்தின் அச்சு நடுக்கூடத்தின் அச்சோடு நேர்கோட்டில் அமையாமல் சற்றே விலகியிருக்கிறது. கயிறு பிடித்து அளந்த ஒரே வரைபடத்தைக் கண்டு பழகிய கண் இதைப் பிழை என்று சொல்லும். பல தலைமுறையினர் கைமாற்றிக் கட்டிய வீட்டில் இத்தகைய விலகல் இருப்பது இயல்பு என்று நான் கண்டுகொண்டேன்.

இனி, இக்கோயிலின் தனிப்பெரும் செல்வத்துக்கு வருவோம். நடுக்கூடத்துக்கும் பீடமுற்றத்துக்கும் இடையே, இந்தப் பக்கத் தூணிலிருந்து அந்தப் பக்கத் தூண்வரை, ஒரே பாய்ச்சலில் தாவி நிற்கிறது ஒரு கல் வளைவு. அதன்மேல் மேடையும், பின்னல் வேலைப்பாடு போலக் குடைந்தெடுத்த கைப்பிடிச் சுவரும் உள்ளன. இருபுறமும் இரண்டு சுழற்படிகள், கொடி கொழுகொம்பைச் சுற்றுவதுபோல, தூண்களைச் சுற்றி மேலேறுகின்றன. இதற்கு ஜூபே என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த இது, பாரிஸ் நகரக் கோயில்களில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே ஜூபே ஆகும்.

ஜூபே எதற்காக? இடைக்காலத்தில் கோயில் இரண்டு உலகமாகப் பிரிந்திருந்தது. பீடமுற்றம் குருக்களுக்கு உரியது. நடுக்கூடம் மக்களுக்கு உரியது. இரண்டையும் பிரித்தது இந்தக் கல் தடுப்பு. அதன் மேடையில் ஏறி நின்று குருவானவர் மக்களை நோக்கிச் சுவிசேஷத்தை வாசிப்பார். வாசிக்குமுன் ஆசி வேண்டிச் சொல்லும் இலத்தீன் மன்றாட்டின் முதற்சொல்லே அம்மேடைக்குப் பெயராயிற்று. ஆக, பிரிக்கும் சுவரும் அதுவே. பேசும் மேடையும் அதுவே.

மாணவ நண்பர்களே, பிரான்சு நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றில் ஒருகாலத்தில் ஜூபே இருந்தது. பாரிஸ் பேராலயத்தில் இருந்தது, சார்த்திரில் இருந்தது, பூர்ஜில் இருந்தது. அவை எங்கே போயின? போரில் அழிந்தன என்றோ, புரட்சியில் இடிந்தன என்றோ நீங்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. அவற்றுள் மிகப் பலவற்றை இடித்தவர்கள் அக்கோயில்களுக்குரிய குருக்களும் பொறுப்பாளர்களுமே! 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின், மக்கள் பலிபீடத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற எண்ணம் கத்தோலிக்கரிடையே வலுப்பெற்றது. அது நல்லெண்ணந்தான். பிரசங்கத்துக்கு நடுக்கூடத்திலேயே தனி மேடை அமைக்கும் வழக்கமும் பரவியது. முடியப்பர் கோயிலிலும் 1651 இல் அமைந்த மரத்தாலான பிரசங்க மேடை ஒன்று உண்டு. வேதாகமத்து வீரனாகிய சாம்சோன் அதைத் தோளில் சுமந்து நிற்கின்றான். பார்வையை மறைக்கிறது, பயனும் குறைந்துவிட்டது என்ற நிலையில், பழைய ஜூபேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடித்துத் தள்ளப்பட்டன.

சார்த்திர் பேராலயத்தின் ஜூபே பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையின் சிகரங்களுள் ஒன்று. 1763 இல் அதை இடித்தனர். சிற்பம் செதுக்கிய பலகைகளைக் கவிழ்த்துத் தளத்தில் பதித்தனர்; பிற்காலத்தில் தளத்தைத் தோண்டியபோது அவற்றுட் சில வெளிப்பட்டன. பாரிஸ் பேராலயத்தின் ஜூபே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. 2019 இல் அப்பேராலயம் தீக்கிரையானதும், அதைச் சீரமைக்குமுன் 2022 இல் அகழாய்வாளர் தளத்தைத் தோண்டினர். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன, அந்த ஜூபேயின் நூற்றுக்கணக்கான துண்டுகள். சில முகங்களில் பழைய வண்ணம்கூட அழியாமல் இருந்தது. இடித்தவர்களே அவற்றைப் பேராலயத்தின் தளத்துக்கு அடியில் புதைத்திருந்தனர். புனிதமான இடத்துக் கல்லை வெளியே எறிய மனம் வரவில்லை போலும்!

திருவாவின் புனித மதலேன் கோயில், அல்பி நகரப் பேராலயம் முதலிய சில இடங்களில் ஜூபேக்கள் தப்பின. பாரிசில் தப்பியது முடியப்பர் கோயிலில் மட்டுமே. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பழைய ஜூபேக்கள் சுவராகவே நின்றன; நடுவில் வாயில் மட்டும் இருக்கும். இதைக் கட்டியவர்களோ சுவரையே நீக்கிவிட்டு, அகலமாகத் தாழ்ந்து விரிந்த ஒற்றை வளைவாக அதை அமைத்தனர். அத்தகைய தட்டையான வளைவு பக்கங்களைப் பலமாகத் தள்ளும். அதை அமைப்பது எளிதன்று. ஆனால் அதன் அடியில் பார்வைக்குத் தடை இல்லை. நடுக்கூடத்தில் நிற்கும் ஏழை கிழவிக்கும் பலிபீடம் தெரியும். மற்ற இடங்களில் இடித்துப் பெற்ற பயனை இங்கே கட்டியவர்கள் முன்னமே கொடுத்துவிட்டனர். பழைய வழக்கத்தையும் கைவிடவில்லை. புதிய தேவைக்கும் வழிவிட்டனர். சுவராக வேண்டியது பாலமாயிற்று. அது நிலைத்ததற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் கருத்து.

இக்கோயில் கற்களை மட்டும் காப்பாற்றவில்லை. பௌதிகம் பயிலும் மாணவர்கள் பாஸ்கல் என்ற பெயரை அறிவார்கள். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்ற விதியைக் கூறியவர் அவர். 1662 இல், முப்பத்தொன்பதாம் வயதில், இப்பங்கின் எல்லைக்குள் இருந்த தம் தமக்கையார் வீட்டில் அவர் இறந்தார். பங்கு மக்களுள் ஒருவராக இக்கோயிலிலேயே அடக்கமானார். நாடகாசிரியர் ரசீன் இங்கு வந்து சேர்ந்த வரலாறு வேறு. அவர் 1699 இல் இறந்தபோது, தாம் இளமையில் பயின்ற போர் ரொயால் மடத்திலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்ற விருப்பப்படி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அம்மடத்தாரின் சமயக் கொள்கை பதினான்காம் லூயி மன்னருக்குப் பிடிக்கவில்லை. மன்னரின் ஆணைப்படி மடம் இடிக்கப்பட்டது, கல்லறைகளும் கலைக்கப்பட்டன. 1711 இல் ரசீனின் உடல் முடியப்பர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அம்மடத்துக்காகப் பேனா பிடித்து வாதாடியவர் பாஸ்கல். அம்மடத்தின் மாணவர் ரசீன். மடம் மண்ணாயிற்று. அதன் இரு நண்பர்களும் ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர்.

பின்னர் வந்தது 1789 ஆம் ஆண்டுப் புரட்சி. கோயிற் சொத்துகள் நாட்டுடைமையாயின. 1793 இல் புனித ஜெனவியேவின் எலும்புகள் பொதுச் சதுக்கம் ஒன்றில் எரிக்கப்பட்டன. முடியப்பர் கோயில் வழிபாட்டுக்கு மூடப்பட்டு, 'பெற்றோர் பக்தி ஆலயம்' என்னும் புதுப்பெயர் பூண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது மீண்டும் கத்தோலிக்கரிடம் வந்தது.

தாயாகிய மடத்தின் கதி என்ன? பதினைந்தாம் லூயி மன்னர் 1744 இல் நோயுற்றுத் தேறியபோது, ஜெனவியேவுக்குப் புதிய பெருங்கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அந்நேர்த்தியின் விளைவே குவிமாடத்துடன் நிற்கும் அப்பெருமாளிகை. கட்டி முடிக்கும் நேரத்தில் புரட்சி வந்துவிட்டது. 1791 இல் அது நாட்டுப் பெரியோரின் நினைவாலயமாகிய பாந்தியோனாக மாற்றப்பட்டது. பழைய மடத்துக் கோயிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் தெரு ஒன்று திறக்கப்பட்டது. குளோவிஸ் தெரு என்பது அதன் பெயர். மடத்துக் கோயிலின் கோபுரம் மட்டும் இன்றும் தனித்து நிற்கிறது. மடத்தின் எஞ்சிய கட்டடங்களில் நான்காம் ஆன்றி பள்ளி நடைபெறுகிறது. ஜெனவியேவின் கல்லறைப் பெட்டியில் எஞ்சிய கல் முடியப்பர் கோயிலிலே வைத்துப் போற்றப்படுகிறது. தனி வாசல் இன்றித் தாயின் வாசலில் நுழைந்த அதே மகள்தான் இன்று தாயின் நினைவைக் காத்துவருகிறாள்.

1905 ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் சமயத்தையும் அரசையும் பிரித்தது. அதன்படி, முன்பிருந்த பங்குக் கோயிற் கட்டடங்கள் அவ்வவ்வூர் ஆட்சிமன்றங்களின் உடைமையாக நின்றன. வழிபடும் உரிமை மக்களுக்கு உரியதாயிற்று. முடியப்பர் கோயிலும் அவ்வாறே பாரிஸ் நகரின் உடைமை. ஆனால் அது காட்சிச்சாலை ஆகிவிடவில்லை. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. ஆர்கன் வாத்தியம் ஒலிக்கிறது. 1997 இல் உலகெங்குமிருந்து இளைஞர்கள் பாரிசில் கூடியபோது, இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் இக்கோயிலுக்கு வந்து பூசை நிறைவேற்றினார்.

அன்று மாலை நான் கோயிலை விட்டு வெளியே வந்து, திரும்பி அதே முகப்பை நோக்கினேன். மூன்று முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே இருந்தன. ஆனால் முன்பு கண்ட குழப்பம் அவற்றில் இல்லை. முன்னோர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அவர்கள் கட்டியதை இடிக்காமல், தம் காலத்தின் மொழியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்த மக்களின் பணிவையே அங்குக் கண்டேன்.

ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். பழம்பொருளைப் பகைவன் மட்டுமே அழிப்பதில்லை. 'இது இனிப் பயனில்லை' என்று உறுதியாக நம்பும் நல்லவர்களும் அழிக்கிறார்கள். சார்த்திரில் இடித்தவர்கள் பக்தர்கள். குன்றின்மேல் பாலமிட்டவர்களும் பக்தர்களே. இருவர் நெஞ்சிலும் இருந்த எண்ணம் ஒன்றுதான்: மக்கள் பீடத்தைக் காண வேண்டும். ஒருவர் அதற்கு இருந்ததை அழித்தார். மற்றவர் புதிதாக ஒரு வழி கண்டார். நாளை உங்கள் கையிலும் ஒரு பழைய சுவர் ஒப்படைக்கப்படலாம். அப்போது கடப்பாரையை எடுக்குமுன், அதைப் பாலமாக்க வழி உண்டா என்று ஒருகணம் நின்று எண்ணிப் பாருங்கள்.